வணிகக் கேள்வி-பதில்: சாவி யார் கையில்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. தொழிலை வளர்க்க மார்க்கெட்டிங் ஆலோசகரை அமர்த்த வேண்டும், ஆனால் யாரை நம்புவது? அதனால் கடன், வரி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகள் சொந்தமாக அச்சகம் நடத்தியவள் நான். அதன்பிறகு, சிறு நிறுவனங்களுக்கு வரும் விளம்பர ஒப்பந்தங்களையும் மாத அறிக்கைகளையும் அவர்களுக்காகப் படித்துச் சொல்வதுதான் என் வேலை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்து கற்றவை.

கேள்வி: மேடம், நானும் என் கணவரும் குழந்தைகளுக்கான மர மேசை, நாற்காலிகள் செய்து இணையத்தில் விற்கிறோம். ஓராண்டாக விற்பனை அப்படியே நிற்கிறது. மூன்று ஆலோசகர்களைச் சந்தித்தோம். முதலாமவர், கூகுள் தேடலில் மூன்றே மாதத்தில் முதலிடம் என்று எழுதியே தருகிறேன் என்றார். இரண்டாமவர் பெரிய நிறுவனங்களின் சின்னங்களை வரிசையாகத் திரையில் காட்டினார். எல்லாரும் அவருடைய வாடிக்கையாளர்களாம். மூன்றாமவர் எதையும் காட்டவில்லை. ஒரு மணி நேரம் எங்களைத்தான் கேள்வி கேட்டார். கடந்த ஆண்டின் ஆர்டர் பட்டியலைக் கேட்டார். "உங்களுக்கு இப்போது விளம்பரமே வேண்டாம் என்றுகூட முடிவு வரலாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது என் கணவரின் கருத்து. எனக்கோ அவர்மீதுதான் மனம் போகிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலாமவரை இன்றே விட்டுவிடுங்கள். தேடலில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. எஸ்.இ.ஓ., அதாவது தேடல் முடிவுகளில் இணையதளத்தை மேலே கொண்டுவரும் வேலை; அதன் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. கட்டண விளம்பரங்களிலும் இப்படித்தான்: கூகுள் விளம்பரங்களைப் பிறருக்காக நிர்வகிக்கும் நிறுவனங்கள் முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவதை அதன் விதிகள் தடுக்கின்றன. ஆக, அந்த மனிதருக்குத் தன் தொழிலின் அடிப்படை தெரியாமலிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உங்களிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் உங்கள் பணத்தை அவரிடம் கொடுக்கக் காரணமில்லை.

இரண்டாமவரை உடனே ஒதுக்க வேண்டாம். ஆனால் சின்னங்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஒரே ஒரு பதாகை வடிவமைத்தவரும் அந்தச் சின்னத்தைத் திரையில் போட்டுக்கொள்ளலாம். "இந்த நிறுவனத்துக்கு நீங்கள் செய்த வேலை எது? எத்தனை மாதம்? அந்த வேலையைச் செய்த ஆள்தான் எங்களுக்கும் செய்வாரா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பேச வருபவர் ஒருவர், கையெழுத்தான பிறகு வேலை பார்ப்பவர் வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பிறகு, உங்கள் அளவுள்ள இரண்டு வாடிக்கையாளர்களின் தொடர்பைக் கேளுங்கள். அவரை விட்டு விலகிப்போன ஒருவரின் தொடர்பையும் சேர்த்துக் கேளுங்கள். விலகிப்போனவரைப் பற்றிக் கேட்டதும் ஆலோசகரின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். அந்த வாடிக்கையாளர்களிடம் பேசும்போது "நல்லவரா?" என்று கேட்காதீர்கள், யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "ஒரு மாதம் சரியாகப் போகாதபோது உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். நான் விசாரித்தவர்களில் சிலர் இந்த இடத்தில் அரை நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகுதான் உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

மூன்றாமவர் ஏன் ஆர்டர் பட்டியலைக் கேட்டார் என்று உங்கள் கணவருக்கு விளங்க ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், குழந்தைகளுக்கான பைகள் தைத்து விற்ற ஒருவரின் ஆர்டர் பட்டியலோடு ஒரு மாலை முழுதும் உட்கார்ந்திருந்தேன். தன் பொருளை வாங்குவது பெற்றோர் என்றே அவர் நம்பியிருந்தார். விளம்பரமும் பெற்றோருக்கே போய்க்கொண்டிருந்தது. பட்டியலை முகவரிவாரியாக அடுக்கிப் பார்த்தோம். ஒரே முகவரிக்கு எட்டுப் பை, பதினொரு பை, ஆறு பை. மறுபடி அதே முகவரி, ஆண்டுத் தொடக்கத்தில். எல்லாம் மழலையர் பள்ளிகள். ஒன்றிரண்டு பை வாங்கிய பெற்றோர் திரும்பி வரவில்லை. பள்ளிகள் ஆண்டுதோறும் வந்தன. ஆனால் அந்தப் பள்ளிகளில் ஒன்றோடும் அவர் ஒருமுறைகூடத் தொலைபேசியில் பேசியதில்லை. அவருக்குத் தேவைப்பட்டது விளம்பரம் அல்ல. ஆண்டு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு பள்ளிகளுக்கு ஒரு கடிதமும் ஒரு தொலைபேசி அழைப்பும், அவ்வளவுதான். பட்டியலைக் கேட்டவருக்குத் தெரிய வேண்டியதே இதுதான்: உங்களிடம் வாங்குபவர் யார், எப்போது வாங்குகிறார், திரும்பி வருகிறாரா? இது தெரியாமல் விளம்பரம் போடுவது முகவரி எழுதாத கடிதத்தைப் பெட்டியில் போடுவது போல.

உங்கள் மனம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆனாலும் அந்த மனத்தை மட்டும் நம்பி ஓராண்டு ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு சின்ன வேலையைத் தனிக் கட்டணத்துக்குக் கொடுங்கள்: உங்கள் ஆர்டர்களையும் இணையதளத்தையும் ஆராய்ந்து, என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, ஏன் என்று மூன்று வாரத்தில் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதை இருவரும் சேர்ந்து படியுங்கள். அவர் பக்கத்தில் இல்லாமலே உங்களுக்குப் புரிகிறதா? அதில் சொன்னவற்றை உங்கள் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிறதா? முடிந்தால் அடுத்த படிக்குப் போங்கள். அந்த அறிக்கையில் "செய்யக்கூடாதவை" என்ற பகுதி காலியாக இருந்தால், மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: என் ஆலோசகர் மாதம் தவறாமல் நாற்பது பக்க அறிக்கை அனுப்புகிறார். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கியே போகின்றன. ஆனால் கல்லாப்பெட்டியில் எந்த மாற்றமும் இல்லை. அவர் ஏமாற்றுகிறாரா, எனக்குத்தான் புரியவில்லையா?

பதில்: ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறிக்கை எதை எண்ணுகிறது என்று பார்ப்போம்.

அறிக்கையில் "கன்வெர்ஷன்" என்ற எண்ணைத் தேடிப் பிடியுங்கள். விளம்பரம் பார்த்து வந்தவர் நமக்குப் பயனுள்ள ஒன்றைச் செய்தார் என்பதுதான் அதன் பொருள். ஆனால் எது பயனுள்ளது என்று தீர்மானிப்பவர் விளம்பரக் கணக்கை அமைத்தவர். விற்பனை முடிந்தால் ஒன்று என்று அமைக்கலாம். தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒன்று என்றும் அமைக்கலாம். ஒரே ஆள் அந்தப் பக்கத்தை ஐந்து முறை திறந்தால் ஐந்து என்று எண்ணும்படியும் அமைக்கலாம். எண் ஏறும், கல்லா நிறையாது. இன்றே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "கன்வெர்ஷன் என்று நீங்கள் எண்ணுவது எதை? ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தாருங்கள்." நேர்மையானவர் ஒரு நாளில் தந்துவிடுவார்.

அடுத்தது, ஒரே விற்பனைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் ஏழு நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். கிளிக் செய்யாமல் வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் சேரும். அதே ஆள் நடுவில் கூகுள் விளம்பரத்தையும் கிளிக் செய்திருந்தால் கூகுளும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இரண்டையும் கூட்டி அறிக்கையில் போட்டால், நீங்கள் விற்றதைவிட அதிகம் விற்றதாகத் தெரியும். இதில் பொய் எழுதியவர் எவரும் இல்லை. ஆனாலும் மொத்தம் தவறு.

மூன்றாவது, உங்கள் நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரம். அறிக்கைகளில் மிக அழகாகத் தெரிவது இதுதான்: செலவு குறைவு, விற்பனை அதிகம். ஆனால் உங்கள் பெயரைத் தட்டியவர் ஏற்கனவே உங்களைத் தேடித்தானே வருகிறார்? 2012-இல் ஈபே நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்தியது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவசத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. அதை நடத்திய பொருளியல் ஆய்வாளர்களின் கட்டுரை 2015-இல் வெளியானது. ஈபே எல்லாருக்கும் தெரிந்த பெயர் என்பதையும் மறக்க வேண்டாம். புதிதாக வருபவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் விளம்பரம் வேலை செய்ததை அதே ஆய்வு காட்டியது. எனவே விளம்பரமே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெயருக்கான தேடலையும் மற்றவற்றையும் தனித்தனி வரிசையாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள் என்கிறேன். பிரித்த பிறகு இரண்டாவது வரிசையில் மிஞ்சுவதைத்தான் ஆலோசகரின் உழைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியும்.

நாற்பது பக்கம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்: இந்த மாதம் எவ்வளவு செலவு, புதிய வாடிக்கையாளர் எத்தனை பேர், எதை நிறுத்தினோம், அடுத்து எதை முயல்கிறோம். புதிய வாடிக்கையாளர் எண்ணிக்கையை அவர் சொல்லக்கூடாது. உங்கள் பில் புத்தகத்திலிருந்து நீங்கள் சொல்ல வேண்டும்.

கேள்வி: விளம்பரக் கணக்கில் நானும் நுழைந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அது எங்கள் தொழில் ரகசியம், யாருக்கும் தருவதில்லை என்கிறார் ஆலோசகர். இது சரிதானா?

பதில்: சரியல்ல. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பழைய வலி ஒன்று திரும்பி வந்தது.

அச்சகம் நடத்திய நாட்களில் இணையதளம் அமைக்க ஒருவரை வைத்திருந்தேன். திறமைசாலி, பண்பானவர். டொமைனை, அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயரை, தன் மின்னஞ்சலில் பதிவு செய்துகொண்டார்; எனக்கு வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பார்க்காத ஒரு பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, பல ஆண்டுகளாக எங்களிடம் அச்சடிக்கும் ஒருவர் அழைத்தார். "அம்மா, உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வருகிறது, இணையதளமும் இல்லை. அச்சகத்தை மூடிவிட்டீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டொமைன் போனால் அதன் பெயரில் இருக்கும் மின்னஞ்சலும் போய்விடும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை பேர் அழைக்காமலேயே வேறு அச்சகத்துக்குப் போனார்களோ, அதை நான் எப்போதும் அறியப் போவதில்லை. '.காம்' போன்ற முகவரிகள் காலாவதியாகி நீக்கப்பட்டால், மீட்டெடுக்க 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் பதிவேட்டில் இருந்த பெயர் என்னுடையதல்ல. அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, அவர் நல்ல மனத்துடன் உதவியதால் திரும்பக் கிடைத்தது. அவர் உதவாமல் போயிருந்தால் எனக்கு எந்தப் பிடியும் இருந்திருக்காது.

எனவே கேளுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். விளம்பரக் கணக்கை நீங்களே திறந்து, பணம் உங்கள் அட்டையிலிருந்து நேராகப் போகும்படி வைத்துக்கொண்டு, ஆலோசகருக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள். கடவுச்சொல்லைப் பகிரவே தேவையில்லை. கூகுளில் அவர் தன் மேலாளர் கணக்கை (பலருடைய விளம்பரக் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் கணக்கு) உங்கள் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். மெட்டாவில் அவரைப் பங்காளராகச் சேர்க்கலாம். பிரியும் நாளில் அந்த இணைப்பை நீக்கினால் போதும். கணக்கும், அதில் சேர்ந்த பழைய தகவல்களும் உங்களிடமே இருக்கும். உங்கள் விளம்பரம் ஏற்கனவே அவருடைய கூகுள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், அதன் பத்து இலக்க வாடிக்கையாளர் எண்ணைக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது கூகுளின் விதி. கணக்கில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் மாற்ற வரலாறும் உள்ளே இருக்கிறது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் முழுதும் யாரும் எதையும் தொடவில்லை என்றால் அங்கே தெரிந்துவிடும். ரகசியம் என்று சொல்லி மறைக்கப்படுவது பல நேரம் இந்த வெற்றிடம்தான்.

கேள்வி: நிலையான மாதக் கட்டணம் நல்லதா, விளம்பரச் செலவில் சதவீதக் கமிஷன் நல்லதா?

பதில்: சிறு நிறுவனத்துக்கு நிலையான கட்டணம். செலவில் சதவீதம் வாங்குபவருக்கு, செலவைக் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தன் வருமானம் குறைகிறது. நேர்மையானவரைக்கூட இது சங்கடப்படுத்தும். கூடவே, விளம்பரம் வாங்கும் இடத்திலிருந்து அவருக்குத் தள்ளுபடியோ கமிஷனோ திரும்பி வருகிறதா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இது கற்பனைப் பயமல்ல. அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர்கள் சங்கம் ஏற்பாடு செய்த விசாரணை, வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் ஏஜென்சிகள் இப்படித் தள்ளுபடி பெறுவது பரவலாக நடப்பதாக 2016-இல் அறிக்கை தந்தது. பெரிய பெரிய நிறுவனங்களின் பணத்துக்கே அந்த நிலை.

கேள்வி: ஆலோசகரிடம் கூகுள் பார்ட்னர் முத்திரை இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: பிறருக்காக விளம்பரம் நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கு கூகுள் தரும் முத்திரை அது. கருவியைக் கையாளத் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த முத்திரைக்குச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் வேண்டும். 90 நாளில் குறைந்தது 10,000 டாலர் விளம்பரச் செலவை நிர்வகித்திருக்க வேண்டும். அவர் நிர்வகிக்கும் கணக்குகளுக்கு கூகுள் போடும் மதிப்பெண் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அந்த மதிப்பெண், கூகுள் தரும் பரிந்துரைகளை ஏற்றாலும் உயரும், வேண்டாம் என்று தள்ளினாலும் உயரும். உங்கள் லாபம் இந்த நிபந்தனைகளில் எங்கும் வரவில்லை.

கேள்வி: பத்தாயிரம் ஃபாலோயர்களை ஒரே வாரத்தில் சேர்த்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். தொடக்கத்துக்கு உதவுமே?

பதில்: உதவாது. அவர்களில் ஒருவரும் உங்களிடம் வாங்கப் போவதில்லை. உங்கள் பதிவுகளைக் கண்டுகொள்ளாத கூட்டம் ஒன்று சேர்ந்துவிட்டால், உங்கள் பதிவு உண்மையில் யாருக்குப் பிடிக்கிறது என்று தளத்துக்கும் விளங்காமல் போகும். அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி, போலி விமர்சனங்களோடு, போலி ஃபாலோயர்களை வணிக நோக்கில் தெரிந்தே வாங்குவதையும் விற்பதையும் தடை செய்கிறது. இதைச் சொன்னவரிடம் வேறு எந்த வேலையையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மேடம், நான் இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டு ஆன ஆலோசகன். என்னால் முடிந்ததை மட்டுமே சொல்கிறேன். உத்தரவாதம் தருபவர்களிடமே வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் போனார்கள். நானும் அப்படிப் பேசத் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போன மூன்று பேரை நினைத்து எனக்கும் வருத்தம்தான்.

பலனுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் உங்கள் கையில் இருப்பவற்றுக்குத் தரலாம், அதைத் தயங்காமல் எழுத்தில் தாருங்கள். எல்லாக் கணக்குகளும் வாடிக்கையாளர் பெயரில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஒரு பக்க அறிக்கை வரும். வேறு யாரிடமும் கமிஷன் வாங்கமாட்டேன். முப்பது நாள் முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் ஏழு நாளுக்குள் எல்லாவற்றையும் ஒப்படைப்பேன். மூன்று மாதத்தில் புதிய வாடிக்கையாளர் வரத்து இன்ன அளவை எட்டவில்லை என்றால், நிறுத்தும்படி நானே சொல்வேன். பயந்துபோய் வருபவருக்கு, 'முதலிடம்' என்ற சொல்லைவிட இந்த வரிகள் நிம்மதி தரும். அவர் ஏற்கனவே ஒருவரிடம் பணத்தை இழந்தவராக இருந்தால் இன்னும் அதிகமாகத் தரும்.

போன மூவருக்கும் நான்கு மாதம் கழித்து ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள். விற்க வேண்டாம், விளம்பரக் கணக்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் பத்து நிமிடம் பேசலாம் என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று எனக்கும் தெரிவியுங்கள்.